கடைவாய்ப் பல் பிடுங்க எந்த ஊசி நல்லது?

கடைவாய்ப் பல் வலி பகலில் அடங்கிக் கிடக்கும். இரவு சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் வேலையைக் காட்டும். காது வரைக்கும் குத்தும். வாயைத் திறக்க முடியாது. எச்சில் விழுங்கினால் தொண்டையில் முள் சிக்கியது போல உறுத்தும். பத்துக்குப் பத்து அறையில் பெண்டாட்டி பிள்ளைகள் தூங்க, கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்கள் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் எத்தனையோ பேர்.

காலையில் குழாயடியில் யோசனை சொல்ல ஆள் தயாராக நிற்பார்.

"அண்ணாச்சி, பேசாமப் புடுங்கிப் போட்டுருங்க. ஆனா சாதா ஊசி போட விடாதீங்க. இப்போ வெளிநாட்டு ஊசி வந்திருக்காம். வெலை கூடத்தான். வலியே தெரியாதாம்!"

அண்ணாச்சியும் தலையை ஆட்டுவார். கூடுதல் விலை என்றால் கூடுதல் சுகம் என்பது சட்டைத் துணிக்குச் சரி. பல் பிடுங்கும் ஊசிக்கும் அது பொருந்துமா?

பொருந்தாது. ஊசி மருந்துகளில் மூன்று நான்கு வகை உண்டு. எது யாருக்கு என்பதை விலை தீர்மானிப்பதில்லை. பல் மேல் தாடையிலா கீழ்த் தாடையிலா, எலும்பைத் தோண்ட வேண்டுமா, நோயாளி தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பவைதான் தீர்மானிக்கின்றன. முதல் இரண்டும் எக்ஸ்-ரேயில் தெரியும். மூன்றாவது, நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் தெரியும். பலர் சொல்வதில்லை. அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

இடம் கிடைக்காத பல்

வரிசையில் கடைசியாக முளைப்பது ஞானப்பல். பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் வரும். புத்தி வரும் வயதில் வருவதால் இந்தப் பெயர். இந்தியிலும் மராத்தியிலும் 'அக்கல் தாட்' என்பார்கள். அக்கல் என்றாலும் அறிவுதான்.

ஆனால் இந்தப் பல்லுக்கு அறிவு கொஞ்சம் குறைவு. எல்லோரும் உட்கார்ந்த பிறகு வண்டியில் ஏறுகிறவரைப் போல, தாடையில் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் முண்டியடித்துக்கொண்டு வரும். நேராக வர முடியாவிட்டால் சாய்ந்து வரும். சில சமயம் பக்கத்துப் பல்லில் முட்டிக்கொண்டு படுத்தே கிடக்கும். பாதி மூடிய ஈறுக்கு அடியில் சோறும் கீரையும் புகுந்து அழுகும். வீங்கும். சீழ் பிடிக்கும்.

தொந்தரவு தராத ஞானப்பல்லைச் சும்மா விட்டுவிடலாம். எடுத்தே தீர வேண்டும் என்று டாக்டர் சொன்ன பல்லைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

தன் பல்லையே கொடுத்தவர்

வலியில்லாமல் பல் பிடுங்குவதற்கு மருத்துவ உலகம் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1844-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி, அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர், நோயாளி உட்காரும் நாற்காலியில் தானே உட்கார்ந்தார். முந்தின நாள் ஒரு கேளிக்கைக் காட்சியில், சிரிப்பு வாயுவை முகர்ந்த ஒருவன் காலில் அடிபட்டும் வலி தெரியாமல் இருந்ததை அவர் பார்த்திருந்தார். அதே வாயுவைத் தானும் முகர்ந்துகொண்டு, சக டாக்டரிடம் தன் ஞானப்பல்லைப் பிடுங்கச் சொன்னார். வலி தெரியவில்லை. ஆனால் சில வாரங்களில் பாஸ்டன் நகரில் பலர் முன்னிலையில் செய்து காட்டியபோது நோயாளி கத்திவிட்டார். கூட்டம் எள்ளி நகையாடியது. வெல்ஸ் மனமுடைந்து 1848-ல் தற்கொலை செய்துகொண்டார்.

ஆளையே மயக்காமல் ஓர் இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் வழி 1884-ல் வந்தது. வியன்னா நகரில் கார்ல் கோலர் என்ற டாக்டர் கண்ணில் கோகைன் சொட்டு விட்டுக் கண்ணை மரக்கச் செய்தார். உடனே அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை டாக்டர் அதைத் தாடை நரம்பருகே ஊசியில் ஏற்றிப் பார்த்தார். மரத்தது. ஆனால் பரிசோதனை செய்த அவரே கோகைனுக்கு அடிமையாகிப் போனார்! பிறகு 1905 வாக்கில் ஜெர்மனியிலிருந்து நோவகைன் வந்தது. அதில் போதை இல்லை. சிலருக்கு ஒவ்வாமை மட்டும் இருந்தது.

1943-ல் சுவீடன் நாட்டில் லோஃப்கிரன் என்ற வேதியியலாளர் உருவாக்கிய மருந்துதான் லிக்னோகைன். இதன் பூர்வீகம் பார்லிப் பயிர் பற்றிய ஓர் ஆராய்ச்சி. அதில் கிடைத்த ஒரு பொருளை ஆராய்ச்சியாளர் நாவில் தொட்டுப் பார்க்க, நாக்கு மரத்துப் போனதாம். 1948-ல் விற்பனைக்கு வந்த லிக்னோகைன் இன்றும் பல் ஆஸ்பத்திரிகளில் முதல் மருந்தாக இருக்கிறது. லிடோகைன் என்று எழுதியிருந்தாலும் அதுவேதான். குழாயடி யோசனைக்காரர் 'சாதா ஊசி' என்று சொன்னது இதைத்தான்.

மேல் பல், கீழ்ப் பல்

மேல் தாடை எலும்பு மெல்லியது, நுண்ணிய துளைகள் நிறைந்தது. பல்லுக்கு மேலே ஈறில் ஊசி போட்டால் மருந்து எலும்புக்குள் ஊறிவிடும். அண்ணத்தில் ஒரு சிறு ஊசி கூடுதலாக உண்டு. அது சுருக்கென்று வலிக்கும். அதோடு சரி.

கீழ்த் தாடை அப்படியல்ல. எலும்பு கெட்டியானது. ஈறில் போடும் மருந்து உள்ளே போவது கடினம். எனவே கீழ்ப் பற்களுக்குச் செல்லும் நரம்பு தாடைக்குள் நுழையும் வாசலிலேயே அதை மடக்க வேண்டும். வாயின் கடைசியில், தாடையின் உட்புறம், ஆழமாக ஊசி போவது அதற்காகத்தான். ஊசியின் நீளத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. நீளம் இல்லாவிட்டால் வாசலை எட்ட முடியாது.

இந்த ஊசி பிடித்துவிட்டால் அந்தப் பக்கத்துக் கீழ் உதடும் மோவாயும் நாக்கும் மரக்கும். உதடு பெருத்துத் தொங்குவது போலத் தோன்றும். கண்ணாடியில் பார்த்தால் அது இருந்தபடியேதான் இருக்கும். ஐந்து பத்து நிமிடத்தில் பாதி உதடு மரக்கவில்லை என்றால், ஊசி குறி தப்பியிருக்கிறது என்று பொருள். பத்துக்கு ஒன்றிரண்டு தடவை இப்படி ஆவது உண்டு. டாக்டருக்குக் கைப்பழக்கம் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். நரம்பு வாசல் எல்லோருக்கும் ஒரே இடத்தில் அமைந்திருப்பதில்லை. "இன்னும் மரக்கவில்லை" என்று சொன்னால் இன்னொரு ஊசி போடுவார்கள். சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வீரம் ஆகாது.

மரத்த பிறகும் டாக்டர் அழுத்துவது தெரியும். அசைப்பது தெரியும். எலும்பு நெரியும் சத்தம் கூடக் காதில் கேட்கும். அவை தெரிவதால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்கக் கூடாது. மருந்து வலியைத்தான் நிறுத்தும், அழுத்தத்தை முழுவதும் நிறுத்தாது. கூராகக் குத்தும் வலி வந்தால் மட்டும் இடது கையைத் தூக்கினால் போதும்.

மருந்தோடு வரும் துணை

லிக்னோகைன் மட்டும் தனியாகப் போட்டால் ரத்தக் குழாய்கள் விரிந்து மருந்தை அடித்துக்கொண்டு போய்விடும். பல்லில் மரப்பு சில நிமிடங்களே நிற்கும். ஆகவே அதோடு அட்ரினலின் சேர்க்கிறார்கள். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி மருந்தை அங்கேயே கட்டி வைக்கும். ரத்தப் போக்கும் குறையும். இப்படிச் சேர்த்துப் போட்டால் பல்லில் சுமார் ஒரு மணி நேரமும், உதட்டிலும் நாக்கிலும் மூன்று முதல் ஐந்து மணி நேரமும் மரப்பு இருக்கும். பெரும்பாலான ஞானப்பற்களை எடுக்க இந்த நேரம் தாராளம்.

அளவுக்கும் கணக்கு உண்டு. அட்ரினலின் சேர்த்த லிக்னோகைன், உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை போகலாம். எத்தனை எடை என்றாலும் 500-ஐத் தாண்டக் கூடாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 420 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம். அப்படியானால் 21 மில்லி வரை இடம் இருக்கிறது. ஒரு கீழ்ப் பல் எடுக்கச் செலவாவது சாதாரணமாக 2 முதல் 4 மில்லி. "இன்னொரு ஊசி போட்டால் உயிருக்கு ஆபத்தோ?" என்று அஞ்சுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஆறுதலாக இருக்கும். ஒரே நாளில் நான்கு பல்லையும் எடுக்கச் சொல்கிறவர்களுக்கும், 40 கிலோகூட இல்லாத மெலிந்தவர்களுக்கும்தான் டாக்டர் கவனமாகக் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

சொல்லாமல் விட்ட மாத்திரை

ஒரு குமாஸ்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறார். வயது 46. கீழ்க் கடைவாயில் படுத்துக்கொண்ட பல். ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியில் காலை 8 மணிக்கே சீட்டு வாங்கிக் காத்திருக்கிறார். 11 மணிக்கு முறை வருகிறது.

"பி.பி. இருக்கிறதா? ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?"

மூன்று வருடமாக அவர் பிராப்ரனலால் மாத்திரை சாப்பிடுகிறார். சொன்னால் என்ன ஆகும்? "பிஸிஷியனிடம் கடிதம் வாங்கி வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். லீவு போச்சு. மறுபடி வரிசை. மறுபடி அந்த இரவு வலி. எனவே, "ஒன்றும் இல்லை, டாக்டர்" என்கிறார்.

இந்த ஒரு வார்த்தைதான் ஊசி விஷயத்தில் மிகப் பெரிய தப்பு. பிராப்ரனலால் சாப்பிடுகிறவர் உடம்பில் அட்ரினலின் அதிக அளவில் போனால் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறலாம், நாடித் துடிப்பு இறங்கலாம். எல்லா பி.பி. மாத்திரையும் இப்படிச் செய்வதில்லை. எந்த மாத்திரை செய்யும் என்பது டாக்டருக்குத் தெரியும். தான் விழுங்குவது என்ன என்பது குமாஸ்தாவுக்குத் தெரியும். இரண்டு பேரும் பேசிக்கொண்டால்தான் காரியம் ஒழுங்காக நடக்கும்.

சொன்னால் என்ன நடக்கும்? பெரும்பாலும் பல் பிடுங்கிவிட்டுத்தான் அனுப்புவார்கள். முதலில் அழுத்தம் பார்ப்பார்கள். 180-க்கு 110 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அவசரமில்லாத வேலையைத் தள்ளி வைப்பது வழக்கம். அதற்குக் கீழே என்றால் அட்ரினலின் அளவைக் குறைத்து, ஊசியை நிதானமாகப் போடுவார்கள்.

இதய நோயாளிகளுக்கு ஒரு தடவைக்கு 0.04 மில்லிகிராம் அட்ரினலின் எல்லை என்று வைத்திருக்கிறார்கள். பல் ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகப் போடுவது 80,000-க்கு 1 பங்கு அட்ரினலின் கலந்த மருந்து. அதில் 3 மில்லி போட்டாலே அந்த எல்லையை நெருங்கிவிடும். 2,00,000-க்கு 1 பங்கு கலந்த மருந்தும் கிடைக்கிறது. அதில் 8 மில்லி வரை போகலாம். மருந்து அதே லிக்னோகைன்தான். துணையின் அளவு மட்டும் மாறுகிறது. ஊசியைத் 'தேர்ந்தெடுப்பது' என்பது பாதிக்குமேல் இந்தத் தேர்வுதான்.

"அப்படியானால் அட்ரினலினே வேண்டாம், சும்மா மருந்து போடுங்கள்" என்று கேட்கிறவர்களும் உண்டு. அதுவும் சரியல்ல. மரப்பு பாதியில் போய்விட்டால் வலியிலும் பயத்திலும் உடம்பே அட்ரினலினைச் சுரக்கும். ஊசியில் உள்ளதைவிட அது அதிகமாகவே இருக்கக்கூடும். அட்ரினலின் அறவே ஆகாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு மெபிவகைன் என்று ஒரு மருந்து இருக்கிறது. துணை இல்லாமலே அரை மணி நேரம் தாங்கும். எல்லா இடத்திலும் கிடைக்காது.

சர்க்கரை, தைராய்டு, ஆஸ்துமா, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, கர்ப்பம் ஆகிய எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்துமாவுக்கு ஏன் என்றால், அட்ரினலின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் உப்பு சிலருக்கு இழுப்பைக் கிளப்பும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளைப் பல்லுக்காகத் தாமாகவே நிறுத்திவிட்டு வருவது கூடாது. நிறுத்தலாமா என்பதை, எழுதிக் கொடுத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டு ஊசி

இனி அந்த விலை கூடிய ஊசி. அதன் பெயர் ஆர்டிகைன். ஜெர்மனியில் 1976 முதல் பழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 2000-ம் ஆண்டில் அனுமதி கிடைத்தது. இந்தியாவிலும் 1.7 மில்லி கண்ணாடிக் குழாய்களில் வருகிறது.

நல்ல மருந்துதான். எலும்புக்குள் லிக்னோகைனைவிட நன்றாக ஊறும். எனவே கீழ்த் தாடையில் முதல் ஊசி சரியாகப் பிடிக்காதபோது, பல்லின் வெளிப்பக்க ஈறில் கூடுதலாக இதைப் போட்டால் பலன் தெரிகிறது. லிக்னோகைனைக் கழித்துக்கட்டுவது கல்லீரல். ஆர்டிகைன் பெரும்பாலும் ரத்தத்திலேயே சிதைந்துவிடும். எனவே கல்லீரல் கெட்டவர்களுக்கும் இது தோது.

ஆனால் இதன் அடர்த்தி 4 சதவீதம். 60 கிலோ எடைக்கு 10 மில்லியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கீழ்த் தாடையின் ஆழமான நரம்பு ஊசிக்கு இதைப் பயன்படுத்தும்போது, நாக்கிலும் உதட்டிலும் மரப்பு நாள்கணக்கில் தங்கிவிடுவதாகச் சில நாடுகளிலிருந்து தகவல்கள் வந்தன. மருந்தின் குற்றமா, ஊசி முனையின் குற்றமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அதனால் சில டாக்டர்கள் ஆழமான ஊசிக்கு லிக்னோகைனும், ஈறு ஊசிக்கு ஆர்டிகைனும் என்று பிரித்துக்கொள்கிறார்கள். விவரமான முறை.

ஆக, சாதாரணமான ஒரு ஞானப்பல்லுக்கு லிக்னோகைனே போதும். அது மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. விலை மலிவாக இருப்பதால் மட்டமான சரக்கு என்று எண்ண வேண்டாம்.

இன்னொன்று புபிவகைன். பிடிக்கக் கொஞ்சம் தாமதமாகும். பிடித்தால் எட்டு மணி நேரத்துக்கு மேலும் உதடு மரத்திருக்கும். எலும்பைத் தோண்டி எடுக்கும் பல்லுக்கு, முதல் நாள் மாலை வலியைத் தள்ளிப்போட இது உதவும். வீட்டுக்குப் போய்ப் படுக்கிறவருக்கு நல்லது. பிடுங்கிய கையோடு கவுண்டரில் உட்கார்ந்து டெலிபோன் பேச வேண்டியவருக்கு அவஸ்தை. உதடு மரத்தவர் 'பாபநாசம்' என்று சொல்லிப் பார்த்தால் தெரியும்!

பெரிய ஆஸ்பத்திரியில் முழு மயக்கம் கொடுத்து எடுப்பதும் உண்டு. ஆழத்தில் புதைந்த நான்கு பல்லையும் ஒரே தடவையில் எடுக்கவும், பயத்தால் வாயே திறக்காதவர்களுக்கும் அது வேண்டியிருக்கலாம். வெறும் வயிற்றோடு போக வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும், செலவும் அதிகம். ஒற்றைப் பல்லுக்கு அநேகமாகத் தேவைப்படாது.

அலர்ஜியா, பயமா?

"ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்தது. எனக்கு அந்த மருந்து அலர்ஜி" என்று சொல்கிறவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோருக்கு அலர்ஜி இல்லை. அந்தப் படபடப்பு அட்ரினலினால் வருவது. சில நிமிடங்களில் அடங்கிவிடும். கண் இருட்டி மயங்கி விழுவது பயத்தாலும் வெறும் வயிற்றாலும். மரப்பு ஊசிக்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போவதே நல்லது.

லிக்னோகைனுக்கு உண்மையான அலர்ஜி மிக அபூர்வம். உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீங்குவது, மூச்சுத் திணறல் ஆகியவை முன்பு வந்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். பெரிய புட்டியில் வரும் மருந்தில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் காரணமாக இருக்கலாம். அது இல்லாத ஒற்றை உபயோகக் குழாய்க்கு டாக்டர் மாறிக்கொள்வார்.

சீழும் மாவாவும்

எந்த மருந்தும் தோற்றுப்போகும் இடங்கள் இரண்டு உண்டு.

ஒன்று, சீழ் பிடித்த இடம். அங்கே புளிப்புத் தன்மை ஏறியிருக்கும். மருந்து நரம்புக்குள் நுழைய முடியாது. வீக்கத்தோடு போனவரை, "ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வா" என்று டாக்டர் அனுப்பினால், அலைக்கழிக்கிறார் என்று கோபப்படக் கூடாது. அன்றே பிடுங்கினால்தான் அலற வேண்டியிருக்கும். ஆனால் வாய் திறக்க முடியாமல், விழுங்க முடியாமல், கழுத்து வரை வீக்கம் இறங்கினால் மாத்திரைக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இன்னொன்று, வாயே திறக்காதது. மகாராஷ்டிரத்தில் குட்காவை 2012-ல் தடை செய்தார்கள். பெட்டிக்கடை மாவாவையும் பாக்குத்தூளையும் விட்டுவிட்டவர்கள் எத்தனை பேர்? பட்டறையில் இரவு வேலை பார்க்கத் தூக்கம் வராமல் இருக்கட்டும் என்று வாயில் அடக்கிக்கொண்ட பாக்கு, வருடங்கள் போகப் போகக் கன்னத்தின் உட்புறத்தைத் தோல் மாதிரி இறுக்கிவிடும். மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியாதவர்கள் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அது புற்றுநோய்க்கு முன்னோடியாகவும் ஆகலாம்.

இப்படி இறுகிய வாய்க்கும் ஊசி போடும் வழி இருக்கிறது. வாயை மூடிய நிலையிலேயே, கன்னத்துக்கும் மேல் பல் வரிசைக்கும் இடையில் ஊசியைச் செலுத்தி அதே நரம்பை மரக்கச் செய்யலாம். இந்த முறைக்கு வஸிரானி–அகினோசி முறை என்று பெயர். வஸிரானி என்பவர் 1960-லும், நைஜீரியா டாக்டர் அகினோசி 1977-லும் எழுதியது. முதல் பெயர் மும்பைவாசிகளுக்குப் பழக்கமான பெயர்தான்!

'பூல்' என்றால் தப்பு அல்ல

மும்பையில் குறைந்த செலவில் பல் பார்க்க, மும்பை சென்ட்ரல் அருகே மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோட்டைப் பகுதியில் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் முதலில் அங்கே கேட்டுப் பார்க்கலாம். ரோட்டோரத்தில் இடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும் போகக் கூடாது.

நம்மவர்களுக்கு அங்கே தடங்கல் பாஷைதான். கேட்கப்படும் கேள்வி பாதி புரியாமல் "ஹாங், ஹாங்" என்று தலையாட்டிவிடுவார்கள். மராத்தியில் மரப்பு மருந்து கொடுப்பதைப் 'பூல் தேணே' என்பார்கள். அரைகுறை இந்தி தெரிந்தவருக்கு 'பூல்' என்றால் தப்பு என்றோ மறதி என்றோ அர்த்தம். டாக்டர் என்ன தப்பு செய்யப் போகிறார் என்று திகைக்க வேண்டியதில்லை!

இந்தியில் மரத்துப்போவது 'சுன்ன்'. மரத்துவிட்டது என்றால் 'சுன்ன் ஹோ கயா'. இன்னும் வலிக்கிறது என்றால் 'அபீ பீ தர்த் ஹை'. ரத்தத்தை இளக்கும் மாத்திரை 'கூன் பத்லா கர்னே கீ கோலி'. இதெல்லாம் நாக்கில் வராவிட்டாலும் பரவாயில்லை. சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையை அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் மேஜையில் வைத்தால் போதும். அட்டைக்கு எந்தப் பாஷையும் தேவையில்லை.

பெரிய புட்டியிலிருந்து மருந்து எடுத்தால், புது சிரிஞ்சும் புது ஊசியும் கண்ணெதிரே பிரிக்கப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கையெழுத்துக் கேட்கும் தாளில், பல்லின் வேர் தாடை நரம்பை ஒட்டியிருப்பதால் மரப்பு சில காலம் நீடிக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். அது ஊசியைவிட அறுவையைப் பற்றிய எச்சரிக்கை. எக்ஸ்-ரேயில் வேர் எவ்வளவு நெருக்கம் என்று காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.

பிடுங்கிய பிறகு

பஞ்சை அரை மணி முதல் ஒரு மணி நேரம் அழுத்திக் கடிக்க வேண்டும். காறித் துப்பக் கூடாது. மரப்பு போகும் வரை சூடான டீ வேண்டாம். உதடு வெந்தாலும் தெரியாது, கடித்துப் புண்ணாக்கினாலும் தெரியாது. பிள்ளைகளுக்குப் பல் பிடுங்கினால் இதைக் கூட இருந்து கவனிக்க வேண்டும். அன்று இரவு ஆறிய ரசம் சாதம் போதும். பீடி, மாவா எதுவும் கூடாது. பிடுங்கிய குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிட்டால் மூன்றாம் நாள் வரும் வலி, பழைய பல் வலியையே மறக்கடித்துவிடும்.

டாக்டர் கொடுத்த வலி மாத்திரையில் முதல் மாத்திரையை, மரப்பு முழுவதும் போன பிறகு சாப்பிடலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உதட்டில் ஊசி குத்துவது போலச் சுரணை திரும்பத் தொடங்கும்போதே போட்டுவிட வேண்டும். 11 மணிக்கு ஊசி போட்டுக்கொண்ட குமாஸ்தாவுக்கு அது பிற்பகல் 2, 3 மணிக்குள் வந்துவிடும். ரயிலில் போகும்போது வந்தால் தண்ணீருக்கு எங்கே போவது? பையில் ஒரு பாட்டில் இருக்கட்டும்.

நேராக முளைத்த பல் என்றால் மறுநாளே மேஜை வேலைக்குப் போகலாம். எலும்பைத் தோண்டியிருந்தால் இரண்டாவது மூன்றாவது நாளில்தான் வீக்கம் உச்சத்துக்கு வரும். லீவுக்கு வேண்டிய டாக்டர் சர்டிபிகேட்டை அன்றைக்கே, சீட்டில் முத்திரை குத்தும்போதே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அதற்காக இன்னொரு நாள் போனால் மறுபடியும் 8 மணி வரிசைதான்.